உருகியில் வேண்டாம் சிக்கனம்!

மின்சார இருசக்கர வாகனங்கள் பெருகிவரும் நிலையில், பழைய பேட்டரியை மாற்றுவதும், கூடுதல் தொலைவு ஓடுவதற்காகப் பெரிய லித்தியம் பேட்டரியைப் பொருத்துவதும் தெருமுனைப் பணிமனைகளிலேயே நடைபெறுகின்றன. அங்கே விலையும் வேகமும் பேசப்படுகின்றன. சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் உருகி, அதாவது ஃபியூஸ், பேசப்படுவதில்லை.

ஃபியூஸ் முதன்மையாகக் காப்பது மின்கம்பியை. கம்பிகளின் உறை தேய்ந்து ஷார்ட் சர்க்யூட் ஏற்பட்டால், நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்சாரம் கணப்பொழுதில் பாயும். கம்பி தீப்பற்றுவதற்கு முன்பாக ஃபியூஸ் உருகி இணைப்பைத் துண்டிக்க வேண்டும். எனவே, அதன் அளவு வாகனத்தின் தேவையைவிடச் சற்றுக் கூடுதலாகவும், கம்பியின் தாங்குதிறனைவிடக் குறைவாகவும் இருத்தல் அவசியம். 48 வோல்ட் பேட்டரியிலிருந்து 1,000 வாட் பெறும் வாகனத்துக்கு ஏறத்தாழ 21 ஆம்பியர் தேவை. பேட்டரி 42 வோல்ட்டுக்கு இறங்கும்போது அது 24 ஆம்பியராகும். இதற்கு 30 ஆம்பியர் ஃபியூஸ் பொருந்தும். அடிக்கடி உருகுகிறது என்பதற்காக 60 ஆம்பியர் ஃபியூஸைப் பொருத்துவது, காவலாளியை உறங்கச் சொல்வதற்கு ஒப்பாகும்.

ஆம்பியரை மட்டும் பார்த்தால் போதாது. 48 வோல்ட் என்று விற்கப்படும் பேட்டரி, 13 செல்களின் தொடராக இருந்தால், முழு மின்னேற்றத்தில் 54.6 வோல்ட்டைத் தொடும். கார்களில் பயன்படும் தகடு வடிவ ஃபியூஸ்களோ பெரும்பாலும் 32 வோல்ட்டுக்கானவை. வீட்டு எம்சிபி-யும் இதற்கு மாற்றாகாது. வீட்டுக்கு வரும் மாறுதிசை மின்சாரம் நொடிக்கு 100 முறை சுழியைத் தொடுவதால், இணைப்பு பிரியும்போது எழும் தீப்பொறி எளிதில் அணைந்துவிடும். பேட்டரியின் நேர்திசை மின்சாரத்தில் அந்த இடைவெளி இல்லை. பொறி நீடித்து எம்சிபி-யையே எரித்துவிடக்கூடும். 'டிசி' எனக் குறிக்கப்பட்ட, பேட்டரியின் உச்ச வோல்ட்டுக்கும் ஷார்ட் சர்க்யூட் மின்னோட்டத்துக்கும் ஈடுகொடுக்கும் ஃபியூஸ் அல்லது பிரேக்கரையே தேர்ந்தெடுத்து, பேட்டரியின் நேர்முனைக்கு மிக அருகில் பொருத்த வேண்டும்.

செல்லுக்குள்ளேயே தோன்றும் பழுதை ஃபியூஸ் தடுக்காது என்பது உண்மை. ஆனால், தடுக்கக்கூடிய விபத்தைத் தடுக்காமல் விடுவதற்கு அது காரணமாகிவிடாது.

தரமற்ற பொருளையும் தரமான பொருளையும் வாங்குபவரால் பிரித்தறிய முடியாத சந்தையில், தரமானதே வெளியேறும் என்று 1970-இல் விளக்கினார் பொருளியல் அறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப். மூடி ஒட்டப்பட்ட பேட்டரிப் பெட்டி அத்தகைய சந்தையே. மேலும், மிச்சமாகும் பணம் விற்பவருக்கு. தீ பரவினால் இழப்போ அண்டை வீட்டாருக்கும்.

2022-இல் நிகழ்ந்த தீவிபத்துகளுக்குப் பின் ஏஐஎஸ்-156 தரவிதிகளை மத்திய அரசு கடுமையாக்கியது. ஆனால், பணிமனையில் பின்னர் மாற்றப்படும் பேட்டரி சோதனைக்கூடத்தைக் கடந்து வருவதில்லை. ஃபியூஸின் ஆம்பியர், வோல்ட், துண்டிப்புத் திறன் ஆகிய மூன்றையும் ரசீதில் குறிப்பிடுவதை அரசு கட்டாயமாக்க வேண்டும். அதுவரை, அவற்றைக் கேட்டுப் பெறுவது வாங்குபவரின் உரிமை மட்டுமல்ல, கடமையும்கூட.