உறங்கும் கையை எழுப்புவோம்!



நாரணாபுரம் போன்ற பட்டாசு ஊர்களில் கைதான் குடும்பத்துக்குச் சோறு போடுகிறது. பெட்டிக்குத் தாள் ஒட்டுவதெல்லாம் விரல்களின் வேலை. அத்தகைய வீட்டில் ஒருவரைப் பக்கவாதம் தாக்கி, வலக்கை துவண்டுவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? "நீங்கள் சிரமப்பட வேண்டாம் அத்தா" என்று சோற்றைப் பிசைந்து ஊட்டிவிடுகிறோம். அன்புதான், ஆனால் அந்தக் கையை உறங்க வைத்துவிடும் அன்பு!

கோளாறு கையில் இல்லை, மூளையில் இருக்கிறது. இரத்தக்குழாய் அடைபட்டோ வெடித்தோ மூளையின் ஒரு பகுதி பழுதாகிறது. எனினும், விடாத பயிற்சி கிடைத்தால், எஞ்சிய பகுதிகள் இழந்த வேலையை ஓரளவேனும் கற்றுக்கொள்கின்றன. மதரஸாவில் சிறுபிள்ளை அலிஃபைத் திரும்பத் திரும்ப எழுதிப் பழகுவது போன்றதே இதுவும்.

இப்பயிற்சிக்கு இன்று இயந்திரங்களும் துணை நிற்கின்றன. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியும் சென்னை ஐ.ஐ.டி.யும் இணைந்து 'புளூட்டோ' என்னும் கருவியை உருவாக்கியுள்ளன. இதில் மோட்டார் ஒன்றே; கைப்பிடிகளை மாற்றிப் பொருத்தி மணிக்கட்டை மடக்கவும், முன்கையைத் திருப்பவும், விரல்களை விரிக்கவும் பழகலாம். கணினித் திரையில் விளையாட்டு ஓட, நோயாளி சலிப்பின்றி முயல்கிறார். இயலாத இடத்தில் கருவி கைகொடுக்கிறது.

"இதற்கெல்லாம் நாங்கள் எங்கே போவது?" என்கிறீர்களா? வீட்டு முகக்கண்ணாடியும் ஒரு கருவியே! சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற வி.எஸ். இராமச்சந்திரன், கை துண்டிக்கப்பட்டோரின் வலிக்காக 1990-களில் அமெரிக்காவில் கையாண்ட கண்ணாடி முறை, பின்னர் பக்கவாதத்துக்கும் பயன்படலாயிற்று. இரு கைகளுக்கும் நடுவே கண்ணாடியை நிறுத்தி, நோயுற்ற கையை அதன் பின்னால் மறைத்து, நல்ல கையை அசைத்தபடி பிம்பத்தைப் பார்க்க வேண்டும். முடங்கிய கையே அசைவதுபோல் மூளைக்குத் தோன்றும். 62 ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் வெளியான அறிக்கை, இம்முறையால் அசைவு மேம்படுகிறது என்றது. ஆனால் இது மற்றச் சிகிச்சைக்குத் துணையேயன்றி மாற்று அன்று.

எனவே இயன்முறை மருத்துவரிடம் முறையாகக் கற்றுக்கொள்ளுங்கள். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீட்டுக்கே வந்து இப்பயிற்சி அளிக்கவும் ஏற்பாடு செய்யப்பட்டது. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.

அதன்பின், மருத்துவர் சொன்ன அளவில், அத்தாவின் கையைத் தட்டில் வையுங்கள். தஸ்பீஹ் மணியை விரல்களில் கொடுங்கள். நான்கு பருக்கை சிந்தினால் சிந்தட்டும். அது வீணன்று, பாடம்!