உண்ணா நோயும் எண்ணும் முறையும்: வட்டக்கச்சியை முன்வைத்து ஒரு நோக்கு

உணவு கிடைத்தும் உண்ண மறுத்தல், அளவிறந்து உண்டபின் வலிந்து வாந்தியெடுத்தல் முதலியன உணவுண்ணற் கோளாறுகள் எனப்படும். இவற்றுள் முன்னையதற்கு 'அனொரெக்சியா நேர்வோசா' என்னும் பெயரை 1873 இல் இலண்டன் மருத்துவர் வில்லியம் கல் வழங்கினார். பின்னையதை 1979 இல் ஜெரல்ட் ரசல் தனி நோயாக வரையறுத்தார். இவை பெரும்பாலும் கட்டிளமைப் பருவத்திலும் அதனையடுத்த ஆண்டுகளிலும் தோன்றுவன. இளைஞரிடையே இவை எவ்வளவு பரவியுள்ளன என்னும் வினாவுக்கான விடை, அவ்வினாவை நாம் எவ்வாறு தொடுக்கின்றோம் என்பதிலேயே பெரிதும் தங்கியுள்ளது.

2000 முதல் 2018 வரையிலான ஆய்வுகளைத் தொகுத்து 2019 இல் வெளியான மதிப்பீடொன்று, வாழ்நாளில் ஒரு காலத்தேனும் இக்கோளாறுகளுக்கு ஆளாவோர் பெண்களுள் நூற்றுக்கு 8.4, ஆண்களுள் நூற்றுக்கு 2.2 எனக் கூறுகின்றது. மாணவரிடையே நடைபெறும் ஆய்வுகள் பல 1982 இல் வெளியான 26 வினாக்கள் கொண்ட வினாக்கொத்தையே கையாளுகின்றன. அதில் 20 புள்ளியோ அதற்கு மேலோ பெறுபவர் மேலும் பரிசோதிக்கப்பட வேண்டியவரேயன்றி நோயாளர் எனத் துணியப்பட்டவர் அல்லர். இவ்வேறுபாட்டை மறப்போர் நோயை மிகைப்படுத்திவிடுகின்றனர்.

இதற்கு மறுதலையான தவறும் உண்டு. மேலைநாட்டு வரையறையில் உடல் பருத்துவிடும் என்னும் அச்சமே நோயின் உயிர்நிலையாகக் கொள்ளப்பட்டது. ஆயின், 1993 இல் ஹொங்கொங்கில் சிங் லீ முதலியோர் ஆராய்ந்த 70 நோயாளருள் அரைப்பங்குக்கு மேற்பட்டோரிடம் அவ்வச்சம் காணப்படவில்லை. வயிற்றுப் பொருமலையும் பசியின்மையையுமே அவர்கள் காரணங்களாகக் கூறினர்.

இவ்வுண்மை வன்னிக்கும் பொருந்தக்கூடியது. இரணைமடுக் குளத்து நீரால் நெல் விளையும் வட்டக்கச்சியில் ஓர் இளம்பெண் உண்ணாதிருப்பின், 'வயிறு பொருமுது', 'சாப்பிட மனமில்லை' என்ற சொற்களே வீட்டில் எழும். கந்தசஷ்டி 6 நாள்களும் கேதாரகௌரி விரதம் 21 நாள்களும் நோற்கப்படும் சமூகத்தில், உண்ணாமை பக்தியாகவும் அடக்கமாகவும் போற்றப்படுவதும் இயல்பே. விரதம் நோயன்று, ஆயின் விரதம் முடிந்த பின்னரும் உணவு தொடப்படாதவிடத்து அதன் நிழலில் நோய் மறைந்திருத்தல் கூடும். மேலும், 2009 இல் இடப்பெயர்வையும் பட்டினியையும் கண்ட மக்களிடையே, உணவைக் குறைத்தல் வறுமையினாலா, துயரினாலா, நோயினாலா என்பதையும் பிரித்தறிதல் வேண்டும்.

எனவே இத்தகைய ஊர்களில் ஆராயப் புகுவோர், 'பருமனுக்கு அஞ்சுகிறீரா?' என்று மட்டும் வினவுதல் போதாது. எடை எவ்வளவு குறைந்தது, மாதவிடாய் நின்றதா, வீட்டாரோடு கூடியுண்பதைத் தவிர்க்கின்றாரா, வீட்டில் உணவு உண்டா என்பவற்றையும் கேட்டறிதல் வேண்டும். ஆண்களையும் விலக்குதல் ஆகாது. உளநோய்களுள் இறப்பு மிகுந்தவற்றுள் உண்ணா நோயும் ஒன்றாகும். ஆதலின் கணக்கில் தவறவிடப்படும் ஒருவர் சிகிச்சையிலும் தவறவிடப்படுகின்றார் என்பதை நாம் மனங்கொள்ளல் வேண்டும்.