சதுரத் துளை, வட்ட வெளிச்சம்

ஓட்டு வீட்டுக்குள் நண்பகலில் தரையைப் பார்த்தால் காசு காசாக வெயில் விழுந்திருக்கும். மேலே ஓடு விரிசல் விட்ட இடம் கோணல்மாணலாக இருக்கும். அதன் வழியாக இறங்கும் வெளிச்சமோ தரையில் வட்டமாக விழும். வேப்பமரத்தடியிலும் அப்படித்தான். இலைகளுக்கு நடுவே இருக்கும் சந்துகளில் ஒன்றுகூட வட்டமில்லை, நிழலுக்குள் கிடக்கும் வெயில் பொட்டுகள் மட்டும் வட்டம். அரிஸ்டாட்டிலின் பெயரில் வழங்கும் 'புராப்ளமேட்டா' என்ற கேள்வித் தொகுப்பிலேயே, பிரம்புத் தட்டியின் சதுரக் கண்கள் வழியாக வரும் வெயில் ஏன் சதுரமாக விழுவதில்லை என்ற கேள்வி இருக்கிறது. அதற்கான தெளிவான விளக்கம் அச்சேறியது 1604-இல்தான்.

ஒளி எப்படிப் பயணம் செய்கிறது என்பதை ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல வாசல் கிடையாது என்று நினைக்கிறேன். நம் வகுப்பறைகள் வேறு வாசல் வழியாக நுழைகின்றன. மூன்று அட்டைகளில் துளை போட்டு, வரிசையாக நிறுத்தி, ஒரு முனையில் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். துளைகள் ஒரே கோட்டில் இருந்தால் சுடர் தெரியும், ஓர் அட்டையை நகர்த்தினால் மறைந்துவிடும். 'ஆகவே ஒளி நேர்கோட்டில் செல்கிறது' என்று எழுதிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடலாம்.

சோதனையில் தவறில்லை. ஆனால் அட்டையை நகர்த்தினால் சுடர் மறையும் என்பது ஐந்து வயதுக் குழந்தைக்கும் தெரியும், கண்ணாமூச்சி ஆடும்போது தூணுக்குப் பின்னால்தானே ஒளிந்துகொள்கிறது! தெரிந்ததையே மறுபடி காட்டும் சோதனையில் யாரும் யோசிக்க வேண்டியதில்லை. பிள்ளைகள் தடுமாறும் இடம் வேறு. ஒளிரும் பொருளின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் எல்லாத் திசைகளிலும் ஒளி கிளம்புகிறது என்பதைத்தான் அவர்களால் எளிதில் மனத்தில் பிடிக்க முடிவதில்லை. பல்பை வரையச் சொல்லுங்கள். நடுவில் ஒரு வட்டம், அதைச் சுற்றிச் சூரியப் படத்தில் இருப்பதுபோல ஏழெட்டுக் கோடுகள், அவ்வளவுதான். பல்பின் மேல் முனையிலிருந்து கீழ்நோக்கி வரும் கதிரை எவரும் வரைவதில்லை.

அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் லில்லியன் மெக்டெர்மாட்டின் குழு இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தது. ஒளியும் நிழலும் பற்றிய அவர்களுடைய ஆய்வுக் கட்டுரை 1998-இல் வந்தது. நேர்கோட்டு விதியைப் பிழையில்லாமல் சொல்லும் கல்லூரி மாணவர்களிலேயே பலருக்கு, முக்கோணத் துளைக்கு முன்னால் இரண்டு பல்பு வைத்தால் திரையில் என்ன தெரியும் என்று சொல்ல வரவில்லை. விரிவுரை கேட்ட பிறகும் நிலைமை பெரிதாக மாறவில்லை. அந்தக் குழு உருவாக்கிய பயிற்சியின் அடிப்படை ஒழுங்கு எளிமையானது: என்ன நடக்கும் என்று முதலில் எழுது, காரணம் சொல், அதன் பிறகு விளக்கைப் போடு.

இதை நம் பள்ளியில் செய்ய ஆகும் செலவு மிகக் குறைவு. கறுப்புச் சார்ட் அட்டையில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு முக்கோணத் துளை ஒன்றை வெட்டிக்கொள்ள வேண்டும். திரைக்கு வெள்ளைத் தாள் போதும். ஜன்னல்களைப் பழைய போர்வையால் மூடிவிடலாம். ஒரு சின்ன எல்.இ.டி. விளக்கை அட்டைக்கு அரை மீட்டர் முன்னால் வைத்தால், அரை மீட்டர் பின்னால் இருக்கும் திரையில் இரண்டு சென்டிமீட்டர் முக்கோணம் விழும். நிமிர்ந்த துளைக்கு நிமிர்ந்த முக்கோணம்தான். இதுவரை யாருக்கும் வியப்பில்லை. இப்போது ஒரு பல்புக்கு நேர் மேலே ஒரு சாண் தள்ளி இரண்டாவது பல்பை வைக்கப் போகிறோம் என்று சொல்லி, திரையை வரையச் சொல்ல வேண்டும். ஒருவர் பெரிய முக்கோணம் வரைவார். இன்னொருவர் அதே முக்கோணத்தைப் பளிச்சென்று தீட்டுவார். இரண்டு முக்கோணம் வரைபவர்களும் இருப்பார்கள்.

விளக்கைப் போட்டதும் இரண்டு முக்கோணம் தெரியும். அதோடு விடக்கூடாது. மேலே இருக்கும் பல்பைக் கையால் மறைத்தால் எந்த முக்கோணம் போகும்? "மேல இருக்கிறதுதான் சார்" என்று பாதி வகுப்பு சொல்லும். மறைத்துப் பார்த்தால் கீழே இருப்பது அணையும். வகுப்பில் சத்தம் கிளம்புவது இந்த இடத்தில்தான். அடுத்த ஐந்து நிமிடம் ஆசிரியர் வாய் திறக்காமல் இருப்பது நல்லது. எவராவது ஒருவர் அளவுகோலைத் தூக்கிக்கொண்டு போய்ப் பல்புக்கும் துளைக்கும் நேராகப் பிடிப்பார், அளவுகோலின் மறுமுனை கீழே இருக்கும் முக்கோணத்தைக் காட்டும்.

அடுத்தது சீரியல் லைட். தீபாவளிக்கு வாசலில் தொங்கவிடும் அதே சரம்தான். 'ட' வடிவத்தில் ஓர் அட்டையில் நெருக்கமாக ஒட்டி எரியவிட்டால், திரையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய முக்கோணங்கள் சேர்ந்து தலைகீழான, இடவலம் மாறிய 'ட'வாக நிற்கும். துளையைச் சிறிதாக்கினால் முக்கோணங்கள் சுருங்கும், எழுத்து கூர்மையாகும், ஆனால் மங்கிவிடும். ஊசித்துளைக் காமிரா வேலை செய்வது இப்படித்தான் என்று அப்போது சொன்னால் போதும். ஒவ்வொரு பல்பும் துளையின் படத்தை வரைகிறது, படங்கள் எல்லாம் சேர்ந்து விளக்கின் படத்தை வரைகின்றன.

பல்பைக் கையால் மறைத்துப் பார்க்கும் உத்தி ஆயிரம் ஆண்டு பழையது. பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல் ஹைதம், 'கிதாப் அல் மனாசிர்' என்ற ஒளியியல் நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார். இருட்டறைக்குள் திறக்கும் ஒரு துளைக்கு எதிரே பல விளக்குகளை வைத்தார். அறைச் சுவரில் விளக்குக்கு ஒரு பொட்டு வெளிச்சம் விழுந்தது. ஒரு விளக்கை மறைத்தால் அதற்குரிய பொட்டு மட்டும் மறைந்தது. இத்தனை ஒளிகளும் ஒரே சிறு துளைக்குள் நுழைந்தும் ஒன்றோடொன்று கலக்கவில்லை என்பதை அவர் இதிலிருந்து கண்டார். ஒரு பல்பில் சிவப்புக் கண்ணாடித்தாளும் இன்னொன்றில் பச்சையும் சுற்றினால், பிள்ளைகளும் இதைக் கண்ணால் பார்க்கலாம். துளையில் இரண்டு நிறமும் குறுக்கே வெட்டிக்கொண்டு போகின்றன, மறுபக்கம் சிவப்பு சிவப்பாகவும் பச்சை பச்சையாகவும்தான் வருகிறது.

1604-இல் விடையை அச்சேற்றியவர் யோகன்னஸ் கெப்ளர். அவர் செய்ததை விளக்கே இல்லாமல் ஒரு பீரியடுக்குள் செய்துவிடலாம். ஒரு புத்தகத்தை உயரத்தில் வைத்தார், ஒளிரும் பொருளின் இடத்தில் அந்தப் புத்தகம். அதற்கும் தரைக்கும் நடுவே பல கோணங்கள் கொண்ட துளையுடைய ஒரு பலகை. புத்தகத்தின் ஒரு மூலையில் நூலைக் கட்டி, துளை வழியாக இழுத்து, துளையின் விளிம்பை உரசியபடியே சுற்றிக்கொண்டு வந்து, நூல் தரையைத் தொட்ட இடங்களைக் குறித்தார். தரையில் துளையின் வடிவம் வந்தது. பிறகு இரண்டாவது மூலை, மூன்றாவது, நான்காவது, நடுவே இருக்கும் புள்ளிகள். துளையின் வடிவங்கள் அடுத்தடுத்து விழுந்து, கடைசியில் தரையில் திரண்டு நின்றது புத்தகத்தின் நாற்கோணம்.

நூல்தான் கதிர். வகுப்பில் ஒரு பிள்ளை பெஞ்சின் மேல் ஏறிப் புத்தகத்தைப் பிடிக்க, இன்னொரு பிள்ளை நூலை விறைப்பாக இழுத்துப் பிடிக்க, மூன்றாவது பிள்ளை சாக்பீசால் புள்ளி வைக்கலாம். நூல் கொஞ்சம் தொய்ந்தாலும் கோடு பிசகிவிடும். விறைப்பாக இருக்க வேண்டும் என்று ஆசிரியர் சொல்ல வேண்டியதில்லை. முதல் பத்துப் புள்ளி கன்னாபின்னாவென்று போனதும் அவர்களே ஒருவரை ஒருவர் அதட்டிக்கொள்வார்கள். ஒளி நேர்கோட்டில் செல்லும் என்ற வாக்கியத்தைக் கை கற்றுக்கொள்ளும் விதம் இது. ஒளியைப் பற்றிய வகுப்புச் சோதனைகளில் எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான்.

இதற்குப் பிறகு வெயிலுக்கு வரலாம். அரை சென்டிமீட்டர் சதுரத் துளை போட்ட அட்டையைத் தரைக்கு இரண்டு விரல்கடை உயரத்தில் பிடித்தால் சதுர வெளிச்சம். மெல்ல உயர்த்தினால் மூலைகள் மழுங்கும். இரண்டு மீட்டர் உயரத்தில், வெயிலுக்கு நேராகத் திருப்பிய தாளில், வட்டம். அந்த வட்டம் சூரியனின் படம். வீட்டுத் தரையில் கிடந்தவையும் அவையே.

அதை அளக்கவும் முடியும். முகம் பார்க்கும் கண்ணாடியின் மேல் கறுப்புத் தாளை ஒட்டி, அரை சென்டிமீட்டர் சதுரம் மட்டும் திறந்துவைத்து, வெயிலை வராந்தாவிலிருந்து இருட்டறைச் சுவருக்குத் திருப்ப வேண்டும். பத்து மீட்டர் தூரத்தில் ஏறத்தாழ 9 முதல் 10 சென்டிமீட்டர் அகல வட்டம் விழும். தூரத்தை அகலத்தால் வகுத்தால் 108-ஐ ஒட்டி வரும். சூரியன் இருப்பது 15 கோடி கிலோமீட்டர் தூரத்தில். அதை 108-ஆல் வகுத்தால் சூரியனின் விட்டம் 14 லட்சம் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வருகிறது. அளவு நாடாவும் ஒரு துண்டுக் கண்ணாடியும் வைத்துக்கொண்டு சூரியனை அளந்தாயிற்று! கண்ணாடியை யார் முகத்துக்கும் திருப்பக் கூடாது, துளை வழியாகச் சூரியனை நேரே பார்க்கக் கூடாது என்பதை மட்டும் தொடங்கும்போதே கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும்.

2019 டிசம்பர் 26 காலை ஒன்பதரை மணி வாக்கில் கோவை, கரூர், திண்டுக்கல் வட்டாரத்தில் மரத்தடிகளில் வட்டப் பொட்டுகளுக்குப் பதிலாக வளையங்கள் விழுந்தன. அன்று வளைய சூரிய கிரகணம். வளையம் முழுமையாவதற்கு முன்னும் பின்னும் பிறை பிறையாக விழுந்தன. யாழ்ப்பாணத்திலும் அதே காட்சிதான். கிரகண நேரத்தில் பிள்ளைகளை வீட்டுக்குள் அடைத்துவைத்த ஊர்களில் எத்தனை பேருக்கு இந்தப் பாடம் கைநழுவிப் போயிற்று என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. மதுரை, தேனிப் பக்கம் 2031 மே 21 அன்று மறுபடி வளையம் தெரியும்.

ஒளி வளைந்து போவதுபோலத் தோன்றும் சோதனை ஒன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். பிளாஸ்டிக் பாட்டிலின் பக்கவாட்டில் சின்னத் துளையிட்டுத் தண்ணீரைப் பீய்ச்சவிட்டு, எதிர்ப்பக்கத்திலிருந்து துளைக்கு நேராக டார்ச் அடித்தால், வளைந்து விழும் நீர்த்தாரைக்குள் ஒளியும் கூடவே இறங்கிவந்து கையில் மின்னும். ஜெனிவாவில் ஜான் டேனியல் கொலாடோன் இதைப் பற்றி 1842-இல் எழுதினார். நேர்கோடு என்றீர்களே என்று பிள்ளைகள் சண்டைக்கு வர வேண்டும், அதற்காகத்தான் இதைக் கடைசியில் வைக்கச் சொல்கிறேன். தாரைக்குள் ஒளி நீரின் விளிம்பில் மோதி மோதி, ஒவ்வொரு மோதலுக்கும் நடுவே நேராகத்தான் போகிறது. விளிம்புக்குச் செங்குத்தான கோட்டோடு ஏறத்தாழ 49 பாகைக்கு மேல் சாய்ந்து மோதினால் ஒளி நீரை விட்டு வெளியேறாது. இணையத்தைச் சுமக்கும் கண்ணாடி இழைகளுக்குள்ளும் நடப்பது இதே முழு அக எதிரொளிப்புதான்.

நாற்பது நிமிடப் பீரியட், நாற்பது பிள்ளைகள், முடிக்க வேண்டிய போர்ஷன் எல்லாம் எனக்குத் தெரியாதவை இல்லை. 1972-இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 16 கிராமத்து நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் திட்டம் இதே நெருக்கடிக்குள்தான் நடந்தது. அங்கே பாடநூல் விடையைச் சொல்லவில்லை. சோதனை செய்து, கண்டதை எழுதி, பேசித்தான் விடைக்கு வர முடியும். முக்கியமாக, அவர்கள் தேர்வையும் மாற்றினார்கள். புத்தகத்தைத் திறந்துவைத்து எழுதலாம், செய்முறைக்கும் மதிப்பெண் உண்டு. 2002-இல் மாநில அரசு திட்டத்தை நிறுத்தும்வரை முப்பது ஆண்டு அது ஓடியது.

நம் வினாத்தாளில் 'ஒளியின் நேர்கோட்டுப் பண்பை விளக்கும் சோதனையை விவரி' என்று வரும்வரை, மூன்று அட்டைச் சோதனையைச் செய்யாமலே மனப்பாடம் செய்து எழுதிவிடலாம். அந்த இடத்தில், முக்கோணத் துளைக்கு முன்னால் 'ட' வடிவத்தில் விளக்குகளை வரைந்து, திரையில் என்ன விழும் என்று கேட்டு ஐந்து மதிப்பெண் போட்டுப் பாருங்கள். அடுத்த ஜூனில் ஆசிரியர்கள் சீரியல் லைட்டைத் தேடி எடுத்துவைப்பார்கள்.