மழைக்காலத்துக்கு கார் வாங்கப் போறீங்களா? மைலேஜை அப்புறம் கேளுங்க!

கரிசல் ரோட்டில் உயிரைக் காப்பது டயரும் பெல்ட்டும்தான். ஓடைத் தண்ணீரில் எந்தக் காரும் காப்பாற்றாது!

கோவில்பட்டி, நவ.–

அடைமழைக் காலம் வந்தாச்சு. தீபாவளி போனஸ், சீட்டுப் பணம், நகையை வைத்து வாங்கிய கடன் எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டு, "இந்த வருஷமாவது பிள்ளைகளை மழையில நனையாம கூட்டிட்டுப் போகணும்" என்று கார் பார்க்கக் கிளம்பும் குடும்பங்கள் கோவில்பட்டி வட்டாரத்தில் ஏராளம். பெரும்பாலும் பழைய கார்தான். பட்ஜெட் இரண்டு லட்சம், மூன்று லட்சம்.

வாங்க வருகிறவர் கேட்கும் முதல் கேள்வி, "மைலேஜ் என்ன கொடுக்கும்?" இரண்டாவது, "ஏ.சி. நல்லா இருக்கா?" மூன்றாவது, "கடைசி விலை சொல்லுங்க அண்ணாச்சி." பிரேக் எப்படி, டயர் எந்த வருஷத்தது, ஏர்பேக் இருக்கிறதா என்று கேட்பவர் பத்தில் ஒருவர் இருந்தால் அதிசயம்!

வெளிநாடுகளில் பனிக்காலம் என்றால் ரோட்டில் ஐஸ் உறையும். அதற்கென்றே தனி டயர் விற்கிறார்கள். நம் ஊரில் ஐஸ் இல்லை. ஆனால் அதற்குச் சளைக்காத ஒன்று காலடியிலேயே கிடக்கிறது. அதுதான் கரிசல் மண்!

எண்ணெய் ஊற்றிய மாதிரி வழுக்கும்

கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும் இந்தக் களிமண், மழை பட்டதும் தண்ணீரை உறிஞ்சி உப்பும். பிறகு பசை மாதிரி ஒட்டும். உளுந்து, பாசி, மக்காச்சோளக் காட்டில் இருந்து ஏறி வரும் டிராக்டர், சக்கரத்தில் அப்பிய சேற்றைத் தார் ரோட்டில் உதிர்த்துக்கொண்டே போகும். அதன்மேல் நாலு தூறல் விழுந்தால் போதும். எட்டயபுரம் ரோடானாலும் சரி, பசுவந்தனை ரோடானாலும் சரி, எண்ணெய் ஊற்றிய தரைதான்!

ரோட்டோரமும் நம்ப முடியாது. எதிரே பஸ் வருகிறது என்று ஒதுங்கினால், தார் முடிந்த இடத்தில் மண் உள்வாங்கி இடது சக்கரம் புதையும். பதற்றத்தில் ஸ்டியரிங்கை வெடுக்கென்று வலது பக்கம் ஒடித்தால் வண்டி ரோட்டுக்குக் குறுக்கே திரும்பும். அல்லது உருளும்.

இவ்வளவும் நாட்டு ரோட்டுக் கதை. நான்கு வழிச்சாலையின் கதை வேறு. மதுரை–நெல்லை நெடுஞ்சாலையில் மழை நேரத்தில் 100 கி.மீ. வேகத்தில் போகும் காருக்குக் கீழே தண்ணீர் மெல்லிய ஏடாகத் தேங்கும். டயரில் பட்டன் தேய்ந்திருந்தால் அந்தத் தண்ணீரைப் பிளக்க முடியாது. சக்கரம் தண்ணீரின் மேல் மிதக்கும். அந்த நொடியில் ஸ்டியரிங்கும் கேட்காது, பிரேக்கும் கேட்காது!

முதலில் குனிந்து டயரைப் பாருங்கள்

ஆகவே கார் பார்க்கப் போகிறவர் பானெட்டைத் திறக்கும் முன் குனிந்து டயரைப் பார்க்க வேண்டும். டயரின் பள்ளத்துக்குள் சின்ன ரப்பர் மேடு இருக்கும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால், மிச்சம் 1.6 மில்லி மீட்டர்தான் என்று அர்த்தம். சட்டப்படியும் அந்த டயருக்கு ஆயுள் முடிந்தது. மழை ரோட்டுக்கு 3 மில்லி மீட்டராவது இருந்தால்தான் நிம்மதி.

பட்டன் நன்றாக இருந்தாலும் ஏமாறக் கூடாது. டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்று அச்சடித்திருக்கும். 2318 என்றால், 2018-ம் வருஷம் 23-வது வாரத்தில் தயாரானது. நம் பக்கத்து வெயில் ரப்பரைத் தின்னும். ஓடாமல் நின்ற காரின் டயர் பார்க்கப் புதுசு மாதிரி பளபளக்கும். உள்ளே காய்ந்து விறைத்திருக்கும். ஐந்தாறு வருஷம் தாண்டிய டயர் என்றால், நாலு புது டயரின் விலையையும் காரின் விலையோடு கூட்டிக் கணக்குப் போட வேண்டும்.

"போர் வீல் டிரைவ் வண்டி, சேத்துல புலி மாதிரி போகும்" என்பார்கள். உண்மைதான். சேற்றில் இருந்து வெளியே வர அது உதவும். பிரேக் பிடிக்கும்போது அந்தப் புலிக்கும் மற்ற கார்களைப் போல நாலே டயர்தான்!

எரியாத விளக்கு... உஷார்!

ஏ.பி.எஸ். என்னும் பிரேக் வசதி, அழுத்திப் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொண்டு இழுபடாமல் பார்த்துக்கொள்ளும். பிரேக்கை அழுத்திக்கொண்டே ஸ்டியரிங்கைத் திருப்பி, குறுக்கே வரும் ஆட்டுக் கிடையை விலகிப் போகலாம். புதிதாக விற்கும் கார்களில் 2019 ஏப்ரல் முதல் இது கட்டாயம். டிரைவருக்கு ஏர்பேக் 2019 ஜூலை முதல் கட்டாயமானது. பக்கத்து சீட்டுக்கும் ஏர்பேக் என்ற விதி எல்லாப் புதுக் கார்களுக்கும் 2022 ஜனவரியில் வந்தது.

இதில்தான் சூட்சுமம் இருக்கிறது. இரண்டு, மூன்று லட்சத்துக்குக் கிடைக்கும் கார்களில் பல, அதற்கு முன்பு வந்தவை. அன்று ஒரே பெயரில் மூன்று, நான்கு ரகங்கள் விற்றார்கள். விலை கூடிய ரகத்தில் ஏர்பேக் இருக்கும். விலை குறைந்த ரகத்தில் இருக்காது. வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஆகவே காரின் பெயரைக் கேட்டால் போதாது. எந்த ரகம், எந்த வருஷம் என்று ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிட்டுக் கேட்க வேண்டும்.

இருக்கிறது என்று சொன்னாலும் சோதிக்க வழி உண்டு. சாவியைத் திருப்பியதும் டேஷ்போர்டில் ஏ.பி.எஸ்., ஏர்பேக் விளக்குகள் எரிந்து, சில நொடியில் அணைய வேண்டும். அணையாவிட்டால் கோளாறு. எரியவே இல்லை என்றால் அதைவிட மோசம். அடிபட்டு ஒருமுறை ஏர்பேக் வெடித்த காரில், புது ஏர்பேக் மாட்டாமல் விளக்கை மட்டும் துண்டித்துத் தலையில் கட்டும் மோசடி நடக்கலாம்!

சென்னையில் மூழ்கியது... இங்கே விலைக்கு!

இன்னொரு வில்லங்கம் வெள்ளத்தில் மூழ்கிய கார். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் ஏராளமான கார்கள் தண்ணீருக்குள் கிடந்தன. பழுது பார்க்கும் செலவு கட்டுப்படியாகாத கார்களை இன்சூரன்ஸ் கம்பெனிகள் ஏலத்தில் தள்ளிவிடுவது வழக்கம். அப்படிப்பட்ட கார் பாலீஷ் போட்டு எந்த ஊர் சந்தைக்கும் வரலாம். சகாய விலை என்று வாங்கினால், நடு ராத்திரி மழையில் ஒயரிங் செத்து, விளக்கு அணைந்து நிற்கும்.

கண்டுபிடிப்பது கஷ்டம் இல்லை. சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுத்துப் பாருங்கள். அடியில் மண் கறை இருந்தால் மூழ்கிய வண்டி. கால்மிதியைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். சீட்டுக்கு அடியில் உள்ள போல்ட்டில் துரு இருக்கிறதா, ஸ்டெப்னி குழியில் வண்டல் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

நட்சத்திரக் கணக்கு

புதுக் கார் வாங்குகிறவர்கள் "பைவ் ஸ்டார் வண்டி" என்று பெருமையாகச் சொல்கிறார்கள். நல்ல மாற்றம்தான். 2014-ல் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியாவில் விற்ற ஐந்து பிரபலச் சிறிய கார்களை மோதிப் பார்த்தது. ஐந்துக்கும் கிடைத்தது பூஜ்ய நட்சத்திரம்! 2018 டிசம்பரில்தான் இந்தியாவில் தயாரான ஒரு கார் முதன்முதலாக அந்தச் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. அது டாடா நெக்ஸான். 2023 அக்டோபர் முதல் நம் நாட்டுக்கே 'பாரத் என்கேப்' சோதனை வந்துவிட்டது. பெரியவர்களுக்கு எத்தனை நட்சத்திரம், குழந்தைகளுக்கு எத்தனை என்று தனித்தனியே தருகிறார்கள். இணையதளத்தில் யாரும் பார்க்கலாம்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. முன்பக்க மோதல் சோதனை நடப்பது 64 கி.மீ. வேகத்தில். நான்கு வழிச்சாலையில் 100-ல் போகிறவர் மோதினால், மோதலின் சக்தி அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். அந்த வேகத்துக்கு எந்த நட்சத்திரமும் ஜாமீன் கொடுக்கவில்லை!

பெல்ட் போடாத பின் சீட்டு

2022 செப்டம்பர் 4-ந்தேதி மராட்டிய மாநிலம் பால்கர் அருகே நடந்த விபத்தில், டாடா குழுமத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி பலியானார். அவர் போனது உயர்ரக வெளிநாட்டுக் கார். பின் சீட்டில் இருந்த இரண்டு பேரும் இறந்தார்கள். முன் சீட்டில் இருந்த இரண்டு பேரும் பலத்த காயத்தோடு பிழைத்தார்கள். பின்னால் இருந்தவர்கள் பெல்ட் போடவில்லை என்று போலீசார் கூறினார்கள்.

கோடீஸ்வரர் காரிலேயே இந்தக் கதி என்றால், சபரிமலைக்கும் திருச்செந்தூருக்கும் பின் சீட்டில் நாலு பேரை நெருக்கி, மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு போகும் குடும்பத்தின் நிலை என்ன? பின் சீட்டுக்கும் பெல்ட் கட்டாயம். மீறினால் அபராதம் 1,000 ரூபாய். "பின்னால இருக்கிறவங்களுக்கு எதுக்கு மதினி பெல்ட்?" என்று சிரிப்பவர்கள் யோசிக்க வேண்டும். பின்னால் இருப்பவர் பறந்து வந்து விழுவது முன்னால் இருப்பவரின் முதுகில்தான்!

பெல்ட் போடாதபோது கத்தும் அலாரத்தை அடக்க, வெறும் கொக்கியை மட்டும் சொருகி வைக்கிறார்கள். இந்தக் கொக்கியை விற்ற ஐந்து ஆன்லைன் நிறுவனங்களுக்கு, அதை நீக்கும்படி 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டது. காருக்கு முன்னால் கட்டும் இரும்புக் கம்பியும் அதே ரகம். ஏர்பேக் சரியான நேரத்தில் விரியாமல் அது கெடுக்கும். எதிரே நடந்து வருபவரின் எலும்பை நொறுக்கும். அதை அகற்றச் சொல்லி 2017 டிசம்பரிலேயே மத்திய போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. கண்ணாடியில் ஒட்டும் கறுப்பு பிலிமுக்கு 2012-ல் சுப்ரீம் கோர்ட்டே தடை போட்டுவிட்டது. மார்கழிப் பனியில், விடிவதற்கு முன் ரோட்டோரம் நடந்து போகும் பாதயாத்திரை பக்தர், கறுப்புக் கண்ணாடிக்குள் இருப்பவர் கண்ணுக்கு எப்படித் தெரிவார்?

உயரமான கார் ஓடையைத் தாண்டுமா?

"வண்டி நல்ல உயரம், தரைப்பாலத்துல தண்ணி போனாலும் ஏத்திரலாம்." இப்படிச் சொல்லி விற்கிறார்கள். உயிரைப் பறிக்கும் பேச்சு இது!

சாதாரணக் கார்களுக்கு அடிப்பாகம் தரையில் இருந்து 16, 17 சென்டி மீட்டர் உயரம். எஸ்.யூ.வி. என்றால் 18 முதல் 20 சென்டி மீட்டர் வரை. வித்தியாசம் மூன்று விரல் அகலம்தான். குண்டு குழிக்கும் சேற்றுக்கும் அந்த உயரம் உதவும். ஓடும் தண்ணீருக்கு உதவாது. கார் என்பது காற்று அடைத்த டப்பா. ஒரு அடி தண்ணீர் வேகமாக ஓடினால் சிறிய காரைத் தள்ளிவிடும். இரண்டு அடி ஓடினால் பெரும்பாலான கார்களை, எஸ்.யூ.வி.யைக்கூட, அடித்துக்கொண்டு போகும். மேலும், கலங்கல் தண்ணீருக்குக் கீழே பாலம் இருக்கிறதா, அரித்துப் போய்விட்டதா என்று யாருக்குத் தெரியும்?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்த மாவட்டம் மறக்க முடியாது. தூத்துக்குடி மாவட்டத்தில் வருஷம் முழுக்கப் பெய்யும் சராசரி மழை சுமார் 65 சென்டி மீட்டர். அந்த ஒரே நாளில் காயல்பட்டினத்தில் 90 சென்டி மீட்டருக்கு மேல் கொட்டியது. வானம் பார்த்த பூமியான கோவில்பட்டியிலேயே 50 சென்டி மீட்டர் அளவுக்குப் பெய்தது. கண்மாய்கள் உடைந்தன, ரோடுகள் துண்டாகின.

அதே இரவில் திருச்செந்தூரில் இருந்து சென்னைக்குக் கிளம்பிய எக்ஸ்பிரஸ் ரெயில், ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் நிறுத்தப்பட்டது. அதில் சுமார் 800 பயணிகள். அதற்கு அப்பால் தண்டவாளத்துக்கு அடியில் இருந்த ஜல்லியையும் மண்ணையும் வெள்ளம் அரித்துக்கொண்டு போயிருந்தது. தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது! பயணிகள் பசியோடு காத்துக் கிடந்தார்கள். 19-ந்தேதிதான் மீட்பு முடிந்தது. ஆனால் ரெயில் கவிழவில்லை. நிறுத்தியதால் பிழைத்தார்கள்.

நூற்றுக்கணக்கான டன் எடையுள்ள ரெயிலே தண்ணீரைக் கண்டு நின்றது. ஒரு டன் காருக்கு என்ன அவசரம்?

தப்பித் தவறிச் சிக்கிக்கொண்டால் முதலில் கண்ணாடியை இறக்க வேண்டும். கரண்ட் போய்விட்டால் இறங்காது. பெல்ட்டைக் கழற்றி, பிள்ளைகளை முதலில் வெளியேற்ற வேண்டும். தண்ணீரில் அணைந்த இன்ஜினை மறுபடி ஸ்டார்ட் பண்ணவே கூடாது. உள்ளே போன தண்ணீர் இன்ஜினை உடைத்துவிடும்.

கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

ஆக, கார் பார்க்கப் போகிறவர்கள் சட்டைப் பையில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டியது இவ்வளவுதான். டயர் எந்த வருஷம், பட்டன் எவ்வளவு? ஏ.பி.எஸ்., ஏர்பேக் விளக்கு எரிந்து அணைகிறதா? பின் சீட்டில் எல்லோருக்கும் வேலை செய்யும் பெல்ட் இருக்கிறதா? ஹெட்லைட், வைப்பர், பின்விளக்கு சரியா? வண்டி எப்போதாவது தண்ணீரில் மூழ்கியதா?

கூடவே தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனால், அவருக்குக் கொடுக்கும் காசு வீண் போகாது.

மைலேஜ் எவ்வளவு என்பதை ஆறாவதாகக் கேட்டால் போதும்!