காய்ச்சலைப் பிள்ளையின் கையில் கொடுங்கள்



எஸ்.பி.எம். சோதனை எழுதிய கையோடு நம் பிள்ளைகள் தோட்டத்தை விட்டுப் புறப்படுகிறார்கள். பிறை, ஷா ஆலம், ஜோகூர் பாரு என்று தொழிற்சாலை இருக்கும் பக்கம் போய், நாலைந்து பேராக ஓர் அறையில் தங்குகிறார்கள். பாய், தலையணை, ஊறுகாய் எல்லாம் கட்டிக் கொடுக்கிறோம். காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்று சொல்லிக் கொடுத்தோமா?

மருந்தகத்தில் தினமும் பார்க்கிறேன். மீசை முளைத்த பையன் உட்கார்ந்திருப்பான். "எத்தனை நாளாகக் காய்ச்சல்?" என்று அவனைக் கேட்டால், "மூணு நாளாங்க ஐயா" என்று அம்மா சொல்வார். வாந்தி உண்டா என்றால் அதற்கும் அம்மாதான். மாத்திரையை வாங்கிப் பையில் போடுவதும் அம்மாதான். அடுத்த மாதம் அவன் ஜோகூரில் இருப்பான்; அம்மா இங்கே பால் வெட்டிக் கொண்டிருப்பார்.

ஆகவே பதினைந்து வயதானதும் பிள்ளையின் காய்ச்சலை அதன் கையிலேயே விட்டுப் பழக்குங்கள். நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும். காய்ச்சல் பார்க்கும் கருவியை அவனே வைத்துப் பார்க்கட்டும். எந்தத் தேதியில் தொடங்கியது, எந்த நேரத்தில் எவ்வளவு இருந்தது, என்ன மாத்திரை போட்டான் என்று ஒரு நோட்டில் அவனே எழுதட்டும்.

மாத்திரை விஷயம் லேசானதல்ல. பாரசிட்டமோல் 500 மில்லிகிராம் என்றால் பெரியவர்கள் ஒரு வேளைக்கு இரண்டுக்கு மேல் போடக்கூடாது. அடுத்த வேளைக்குக் குறைந்தது 4 மணி நேரம் போகவேண்டும். ஒரு நாளைக்கு 8 மாத்திரைதான் எல்லை. கடையில் விற்கும் சளி மாத்திரைகள் பலவற்றிலும் இதே மருந்து கலந்திருக்கிறது. பனடோலும் போட்டு, சளி மாத்திரையும் போட்டால் கணக்கு இரட்டிப்பாகும், ஈரல் கெட்டுவிடும். அட்டையில் உள்ள பெயரைப் படிக்கச் சொல்லுங்கள். பள்ளிக்கூடத்தில் பதினோரு வருஷம் படித்த பிள்ளைக்கு இது முடியாத காரியமா?

இப்போது டெங்கி. இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். டெங்கியில் ஆபத்து பெரும்பாலும் காய்ச்சல் அடிக்கும்போது வருவதில்லை, இறங்கும்போது வருகிறது. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் உடம்பு குளிர்ந்துவிடும். "சரியாப் போச்சு" என்று பையன் ஷிப்ட் வேலைக்குக் கிளம்புவான். அந்த நேரத்தில்தான் இரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து இரத்த அழுத்தம் விழுகிறது. கடுமையான வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், தள்ளாடும் அசதி, சிறுநீர் குறைவது ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். நடக்க முடியாவிட்டால் 999. பெண் பிள்ளைகளுக்கு மாதவிலக்கு வழக்கத்தைவிட அதிகமாகப் போனாலும் அப்படித்தான். அதை வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லத் தாயார்தான் பழக்கவேண்டும்.

டெங்கி என்று சந்தேகம் இருக்கும்போது ஆஸ்பிரின், புரூபன் போன்ற வலி மாத்திரைகள் கூடாது. இரத்தக் கசிவு அதிகமாகும். "ஒரு ஊசி போட்டு விடுங்க ஐயா, இறங்கிடும்" என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். டெங்கியில் தசையில் போடும் ஊசியும் ஆகாது. பப்பாளி இலைச் சாறு குடிப்பவர்களோடு நான் சண்டை போடுவதில்லை. ஆனால் அதை நம்பி இரத்தப் பரிசோதனைக்குப் போகாமல் இருந்தால் சண்டை போடுவேன்.

அடுத்த தடவை கிளினிக்குக்குப் பிள்ளை தனியாகப் போகட்டும். நீங்கள் வெளியே பெஞ்சில் உட்காருங்கள். அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 வெள்ளிதான். அடையாள அட்டை கையில் இருக்கவேண்டும். காய்ச்சல் எத்தனையாவது நாள், என்ன மருந்து போட்டேன், எந்த மருந்து எனக்கு ஒத்துக்கொள்ளாது என்று மூன்று விஷயத்தை மலாயில் சொல்லத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

ஒத்துக்கொள்ளாத மருந்து என்றதும் இன்னொன்று. நம் நாட்டில் குழந்தை பிறந்ததும் ஜி6பிடி குறைபாடு உண்டா என்று இரத்தம் சோதிக்கிறார்கள். குறைபாடு உள்ள பிள்ளைக்குச் சில மருந்துகளும், துணி அலமாரியில் வைக்கும் அந்துருண்டையும்கூட இரத்த அணுக்களை உடைத்துவிடும். தாய்க்குத் தெரியும், பிள்ளைக்குத் தெரியாது என்ற வீடுகள் எத்தனையோ. பிறந்தபோது கொடுத்த சுகாதாரப் புத்தகம் பெட்டியடியில் கிடக்கும். எடுத்து அந்தப் பக்கத்தைப் பிள்ளையிடம் காட்டி, கைப்பேசியில் படம் பிடித்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.