வெளியாருக்கு எவ்வளவு திறப்பது?

2020 ஜூலையில் மைக்ரோசாஃப்டின் செயற்கை நுண்ணறிவு ஆய்வுக் குழு ஒன்று, தான் உருவாக்கிய மாதிரிகளை மற்றவர்களும் எடுத்துப் பயன்படுத்தட்டும் என்று கிட்ஹப் தளத்தில் ஒரு லிங்க் கொடுத்தது. கோப்புகள் இருந்த இடம் அஷூர் கிளவுட் சேமிப்பகம். கொடுக்க நினைத்தது சில மாதிரிகளை மட்டும்தான். ஆனால் அந்த லிங்க் சேமிப்புக் கணக்கு முழுவதையும் திறந்துவிட்டது. மொத்தம் 38 டெராபைட். ஊழியர்கள் இருவருடைய கணினிகளின் காப்பு நகல்கள், கடவுச்சொற்கள், ரகசியச் சாவிகள், 359 ஊழியர்கள் டீம்ஸில் எழுதிக்கொண்ட 30,000-க்கும் மேற்பட்ட செய்திகள் எல்லாம் அதில் கிடந்தன. வருகிறவர் படிக்கலாம், அழிக்கலாம், மாற்றியும் எழுதலாம். 2021 அக்டோபரில் அனுமதி காலாவதியாக இருந்தது. அதைப் புதுப்பித்தவர்கள் போட்ட புதுத் தேதி 2051 அக்டோபர் 6. விஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் 2023 ஜூன் 22 அன்று தகவல் சொன்ன பிறகு, இரண்டே நாளில் அனுமதி ரத்தானது. வாடிக்கையாளர் தகவல் எதுவும் வெளியாகவில்லை என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது.

இதில் யாரும் பூட்டை உடைக்கவில்லை. கோப்புகள் போய்வந்த பாதையும் குறியாக்கம் செய்யப்பட்டதுதான். வெளியாருக்குக் கோப்பு கொடுப்பது என்றதும் நம் அலுவலகங்களில் எழும் முதல் கேள்வி, "வழியில் யாராவது பார்த்துவிடுவார்களா?" அந்தக் கேள்விக்கு விடை கிடைத்துக் கால் நூற்றாண்டுக்கு மேலாகிறது. இன்று நம்மை வீழ்த்துவது வேறு மூன்று கேள்விகள்: எவ்வளவு திறந்தோம், எத்தனை நாளைக்குத் திறந்தோம், மூட வேண்டியவர் யார்?

வழியில் பார்த்துவிடுவார்களா என்ற அந்தப் பழைய கேள்விக்கு விடை வந்த விதத்தை முதலில் கொஞ்சம் பார்க்கலாம். கணினிகளுக்கு இடையே கோப்பு அனுப்பும் எஃப்.டி.பி. விதிமுறையை 1971 ஏப்ரலில் எழுதியவர் அபய் பூஷண். ஐ.ஐ.டி. கான்பூரின் முதல் அணியில் படித்து, எம்.ஐ.டி.க்குப் போன இந்தியர். இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டில் அன்று இருந்தவை சில ஆய்வகங்களே; ஒருவரை ஒருவர் சந்தேகிக்க அவர்களுக்குக் காரணம் இல்லை. அதனால் எஃப்.டி.பி.யில் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் எந்த மறைப்பும் இல்லாமல் அப்படியே கம்பியில் ஓடின. 1995-ல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பில் ஒட்டுக்கேட்கும் நிரல் ஒன்றை யாரோ வைத்துக் கடவுச்சொற்களைத் திரட்டியபோதுதான், அங்கிருந்த டட்டு இலோனன், எல்லாவற்றையும் குறியாக்கம் செய்து அனுப்பும் எஸ்.எஸ்.எச். விதிமுறையை எழுதினார். இணைப்புக்கான போர்ட் எண்களில் எஃப்.டி.பி.க்கு 21, தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் டெல்நெட்டுக்கு 23. நடுவில் காலியாக இருந்த 22-ஐக் கேட்டு வாங்கினார். அந்த எஸ்.எஸ்.எச். மேல் வளர்ந்ததே எஸ்.எஃப்.டி.பி. பெயர் ஒத்திருந்தாலும் பழைய எஃப்.டி.பி.யின் மறுபதிப்பு அல்ல, முற்றிலும் வேறான விதிமுறை.

வங்கிகள், காப்பீட்டு நிறுவனங்கள், சம்பளப் பட்டியல் போடும் நிறுவனங்கள் ஆகியவற்றின் இரவு நேரக் கோப்புப் பரிமாற்றம் இன்றும் பரவலாக எஸ்.எஃப்.டி.பி. வழியாக நடக்கிறது. எதிர்த்தரப்பில் இருப்பது பெரும்பாலும் மனிதரல்ல, பல வருடங்களுக்கு முன் யாரோ எழுதிவைத்த ஒரு ஸ்கிரிப்ட். நாம் கிளவுடுக்கு மாறிவிட்டோம், நீங்களும் மாறுங்கள் என்று அதனிடம் சொல்ல முடியாது. இதைப் புரிந்துகொண்டுதான் அமேசான் 2018 நவம்பரில் தன் எஸ்-3 சேமிப்பகத்துக்கு எஸ்.எஃப்.டி.பி. வாசலைத் திறந்தது. மைக்ரோசாஃப்டின் வாசல் 2022 அக்டோபரில் முழுப் பயன்பாட்டுக்கு வந்தது.

வாசல் வைத்துவிட்டார்கள், சரி. வருகிறவர் எந்த அறை வரை போகலாம் என்பதை நாம்தான் எழுதித் தர வேண்டும். இங்கேதான் விவரம் தெரிந்தவர்களும் சறுக்குகிறார்கள். காரணம், எஸ்-3-ல் கோப்புகளைப் போட்டுவைக்கும் பக்கெட்டில் உண்மையில் போல்டர் என்று ஒன்று கிடையாது. 'கணக்கு/மார்ச்/பட்டியல்' என்பது முழுவதும் ஒரே கோப்பின் நீளமான பெயர். சாய்கோடு வருமிடத்தில் திரை நமக்குப் போல்டராகப் பிரித்துக் காட்டுகிறது. ஆகவே அனுமதி என்பது சுவர் எழுப்புவதல்ல, பெயரின் தொடக்கத்தை ஒப்பிட்டுப் பார்ப்பது. 'விற்பனையாளர்1' என்று தொடங்கும் எல்லாவற்றையும் இவர் பார்க்கலாம் என்று எழுதினால், 'விற்பனையாளர்10', 'விற்பனையாளர்11' என்று தொடங்குபவையும் அவருக்குத் திறந்துவிடும். எண்ணுக்குப் பின்னால் ஒரு சாய்கோடு போட்டிருந்தால் இது நேராது. ஒரே ஒரு எழுத்துதான். அது விடுபட்டால் ஒரு வணிகரின் விலைப்பட்டியல் அவருடைய போட்டியாளரின் கைக்குப் போகிறது. பத்தாவது விற்பனையாளர் சேரும்வரை சோதனையில் இது தெரியவும் தெரியாது.

வருகிறவருக்கு அவருடைய இடத்தையே முழு உலகமாகக் காட்டும் வசதி அமேசானின் சேவையில் உண்டு. உள்ளே நுழைந்ததும் அவர் பார்ப்பது தன் கோப்புகளை மட்டும். பக்கெட்டின் பெயர்கூடத் தெரியாது. இதைப் பயன்படுத்துங்கள் என்று அழுத்திச் சொல்வேன். ஆனால் இது கண்ணுக்குப் போடும் திரை. அடியில் இருக்கும் அனுமதிப் பத்திரமும் அதே அளவுக்குக் குறுகலாக இருக்க வேண்டும். கோப்பு போட மட்டுமே வருகிறவருக்குப் படிக்கும் உரிமை எதற்கு, அழிக்கும் உரிமை எதற்கு? மின்மீட்டர் பார்க்க வந்தவரிடம் வீட்டுச் சாவிக்கொத்தை நீட்டுவோமா? பழைய பதிப்புகளைக் காத்துவைக்கும் வசதியையும் இயக்கிவிட்டால், அவர் தவறுதலாக மேலெழுதிய கோப்பையும் மீட்டுவிடலாம்.

ஒரே ஒரு கோப்பை ஒரே ஒரு முறை கொடுக்க இந்த ஏற்பாடெல்லாம் தேவையில்லை. நேரம் குறித்த லிங்க் போதும். எஸ்-3-ல் அப்படிக் கையெழுத்திட்ட லிங்க் அதிகபட்சம் 7 நாள்தான் உயிரோடு இருக்கும், நல்ல கட்டுப்பாடு. மைக்ரோசாஃப்ட் விவகாரத்தில் லிங்க்குக்குள் அனுமதிச் சீட்டாகப் பொதிந்திருந்த டோக்கன் வகைக்கு அப்படி உச்சவரம்பு இல்லை. அதைவிட மோசம், எத்தனை டோக்கன்கள் யார் கையில் உள்ளன என்ற பட்டியலே கணக்கின் உரிமையாளரிடம் இருக்காது. ஒன்றை ரத்து செய்ய, அதற்குக் கையெழுத்திட்ட மூலச்சாவியையே மாற்ற வேண்டும். அந்தச் சாவியால் கையெழுத்திட்ட மற்ற டோக்கன்களும் அதோடு செத்துவிடும். என் கருத்தில், கணக்கு வைத்துக்கொள்ள முடியாத அனுமதியை வெளியாருக்குக் கொடுக்கவே கூடாது.

இனி, கோப்பு எவ்வளவு காலம் பரிமாற்ற இடத்தில் கிடக்கிறது என்பது. 2023 மே மாத இறுதியில் மூவ்-இட் என்ற கோப்புப் பரிமாற்ற மென்பொருளில் இருந்த ஓர் ஓட்டையை க்ளாப் என்ற கும்பல் பயன்படுத்தியது. பாதுகாப்பாக அனுப்புவதற்கென்றே விற்கப்பட்ட மென்பொருள் அது. கும்பல் நுழைந்தது அதன் இணையப் பக்கத்தின் வழியாக, தரவுத்தளத்துக்குள் கட்டளையைத் திணித்து. 2,000-க்கும் மேற்பட்ட அமைப்புகள் பாதிக்கப்பட்டன. பி.பி.சி., பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஊழியர்களின் விவரங்கள் போனது, அவர்களுக்குச் சம்பளக் கணக்கு பார்த்த ஜெல்லிஸ் நிறுவனத்தின் வழியாக. தங்கள் விவரம் மூவ்-இட் வழியாகப் போகிறது என்று அந்த ஊழியர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? ஓட்டை இல்லாத மென்பொருளுக்கு யாராலும் உறுதி தர முடியாது. ஆனால் போய்ச் சேர்ந்த கோப்பைப் பரிமாற்ற சர்வரிலிருந்து அன்றே அகற்றியிருந்தால், உள்ளே வந்தவனுக்குக் கிடைப்பது ஒரு நாள் கோப்பு; விட்டுவைத்தால் பல வருடக் கோப்பு. கிளவுடில் குறித்த நாளில் தானாக அழியும்படி ஒரு விதி எழுதிவைக்கச் சில நிமிடங்கள் போதும்.

செலவையும் சொல்லிவிடுகிறேன். அமேசானின் வாசலுக்கு அமெரிக்க மையங்களில் மணிக்கு 30 சென்ட், அதாவது மாதம் சுமார் 216 டாலர்; ஒருவரும் எட்டிப் பார்க்காவிட்டாலும் இந்தத் தொகை உண்டு. நிறுத்திவைத்தாலும் ஓடும், நீக்கினால்தான் நிற்கும். மாதம் நான்கு கோப்பு வாங்கும் சிறு நிறுவனத்துக்கு இது வேண்டாத செலவு.

உள்ளே விடும் முறையில் கடவுச்சொல்லைவிட, ரகசியச் சாவியும் பொதுச்சாவியும் சேர்ந்த சாவி இணை மேல். வெளியார் தன் கணினியில் சாவி இணையை உருவாக்கி, பொதுச்சாவியை மட்டும் நமக்கு அனுப்ப வேண்டும். நாமே இரண்டையும் உருவாக்கி மின்னஞ்சலில் அனுப்புவது பரவலாக நடக்கிறது. அந்த மின்னஞ்சலைப் பார்க்கிற எவரும் அவராகிவிடலாம். இன்னொரு பழக்கமும் உண்டு: ஒரு நிறுவனத்துக்கு ஒரே கணக்கு, அதை ஐந்து பேர் பகிர்ந்துகொள்வது. பிறகு பதிவேட்டைப் புரட்டினாலும் கோப்பை எடுத்தது எந்தக் கை என்று கண்டுபிடிக்க முடியாது.

அந்த ஐவரில் ஒருவர் வேலையை விட்டுப் போனால் நமக்கு எப்படித் தெரியும்? நம் ஊழியர் போனால் மனிதவளத் துறை சொல்லும். அவர்கள் ஊழியர் போனால் சொல்ல ஆளில்லை. அதனால் ஒவ்வொரு வெளியார் கணக்குக்கும் நம் பக்கத்தில் பொறுப்பாளராக ஒருவர் பெயர் எழுதப்பட்டிருக்க வேண்டும். ஒப்பந்தம் முடியும் நாளிலேயே கணக்கும் முடிய வேண்டும். மூன்று மாதமாக யாரும் நுழையாத கணக்கைத் தயங்காமல் நிறுத்திவிடலாம். உண்மையில் தேவைப்படுகிறவர் அழைப்பார். அழைத்தவர் யார், இன்னும் அங்கேதான் வேலை செய்கிறாரா என்று நமக்குத் தெரிந்த எண்ணில் அந்த நிறுவனத்தைக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டு, புதிய சாவியோடு திறந்து கொடுக்கலாம்.