46 தடவை கடல் கடந்த "கப்பல் பாய்"
பக்கத்துப் பாய்க்காரரின் பணத்தோடு 50 ஆண்டுக்கு மேல் காத்திருக்கிறார்!

சென்னை கடற்கரை ரெயில் நிலையத்தில் இறங்கி மண்ணடிக்குள் நுழைந்தால், ஒரு கைலிக் கடை வாசலில் ஸ்டூல் போட்டு ஒரு பெரியவர் உட்கார்ந்திருப்பார். தலையில் வெள்ளைத் தொப்பி. கையில் டீ கிளாஸ். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் அவரை "கப்பல் பாய்" என்றுதான் அழைக்கிறார்கள்.

1963-ம் ஆண்டில் இருந்து 1984-ம் ஆண்டு வரை அவர் சிங்கப்பூருக்கு 46 தடவை கப்பலில் போய் வந்திருக்கிறார். பழைய பாஸ்போர்ட்டுகளை எல்லாம் ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கிறார். விமானத்தில் போனது ஒரே ஒரு தடவை. "பக்கத்து சீட்டுக்காரன் ஏறினதும் தூங்கிட்டான் தம்பி. பேச ஆள் இல்லை" என்று குறைப்பட்டுக் கொண்டார்.

வயது 80-ஐ ஒட்டி இருக்கும். சொந்த ஊர் பழவேற்காடு. வாப்பாவுக்கு கைலி வியாபாரம். போகும்போது கைலிக் கட்டு, வரும்போது கோடாலித் தைலம், குடை, டார்ச் லைட், நைலக்ஸ் சேலை. இப்படிச் சாமான் கொண்டு வந்து விற்றவர்களுக்கு அந்தக் காலத்தில் "குருவி" என்று பெயர். "நானும் குருவிதான், இதுல என்ன வெட்கம்?" என்று சிரிக்கிறார்.

ரஜூலா கப்பல்

அவர் முதலில் ஏறிய கப்பல் "ரஜூலா". வெள்ளைக்கார கம்பெனிக்காக 1926-ம் ஆண்டு கட்டப்பட்ட கப்பல். சென்னையில் புறப்பட்டு நாகப்பட்டினம், பினாங்கு வழியாக சிங்கப்பூர் போகும். தொடக்கத்தில் 5 ஆயிரத்துக்கும் மேற்பட்ட "டெக்" பயணிகளை ஏற்ற அதற்கு அனுமதி இருந்தது. அதே ஆண்டு கட்டப்பட்ட இதன் ஜோடிக் கப்பல் "ரோணா" 1943-ம் ஆண்டு மத்திய தரைக்கடலில் ஜெர்மன் விமானத் தாக்குதலில் மூழ்கி, ஆயிரத்துக்கும் அதிகமான சிப்பாய்கள் இறந்தார்கள். ரஜூலா தப்பித்து 1973-ம் ஆண்டு வரை நம் ஜனங்களைச் சுமந்தது.

டெக் பயணிக்கு அறை கிடையாது. கட்டில் கிடையாது. தட்டு, டம்ளர், பாய் எல்லாம் நாமே கொண்டு போக வேண்டும். கப்பல் பாய் கூறியதாவது:-

"ஏணி இறக்கினதும் ஓடணும் தம்பி. முதல்ல பாயைப் போட்டவனுக்குத்தான் இடம். புது ஆள் ஏணிப் பக்கத்துல காத்து வருதுன்னு போட்டுடுவான். ராத்திரி பூரா ஆயிரம் கால் அவன் தலைமாட்டுல நடக்கும். சமையல்கட்டுப் பக்கம் புகை. கக்கூஸ் பக்கம் சொல்லவே வேணாம். நான் நடுவுல ஒரு தூண் பார்த்து வெச்சிருப்பேன். சாய்ஞ்சு உக்காரலாம், கைலியையும் காயப் போடலாம்.

ரெண்டாம் நாள் எல்லாரும் வாந்தி எடுத்துப் படுத்திருப்பாங்க. பயில்வான் மாதிரி ஏறினவன்தான் முதல்ல விழுவான். நார்த்தங்காய் ஊறுகாயை நாக்குல வெச்சா கொஞ்சம் நிக்கும். நான் ஒரு ஜாடி கொண்டு போவேன். திரும்பி வர்றப்போ ஜாடி காலியா இருக்கும், ஆனா அம்பது பேர் சொந்தக்காரங்களா இருப்பாங்க."

ஊர்தான் பெயர்

மூன்றாம் நாள் கப்பலே ஒரு தெருவாகிவிடுமாம். ஒரு பக்கம் சீட்டுக்கச்சேரி. ஒரு பக்கம் தொழுகை. பினாங்கு கிட்டங்கிக்கு வேலைக்குப் போகும் செட்டிநாட்டுப் பையன் யாருக்காவது கடிதம் எழுதிக் கொண்டிருப்பான். கல்யாணம் முடிந்த மறு மாதமே புருஷன் கப்பலேறிவிட, நாலைந்து ஆண்டு கழித்து அவனைத் தேடிப் போகும் பெண்கள் இருப்பார்கள். அவர்கள் புருஷன் போட்டோவை அடிக்கடி எடுத்துப் பார்ப்பார்களாம். "முகம் மறந்துடுமோன்னு பயம்" என்கிறார் பாய்.

2022-ம் ஆண்டு சென்னைத் துறைமுகத்தில் இருந்து சொகுசுக் கப்பல் விட்டபோது பேத்தி அவரை அழைத்துப் போனாள். நீச்சல் குளம், பாட்டு, டான்ஸ், வேளாவேளைக்குச் சாப்பாடு. எப்படி இருந்தது என்று கேட்டோம்.

"குறை சொல்ல முடியாது. ஆனா ரெண்டு நாள்ல ஒருத்தர்கூட என்னை எந்த ஊர்னு கேக்கலை. எங்க கப்பல்ல ஊர்தான் தம்பி பேரு. திருவாரூரு, பரங்கிப்பேட்டை, துறையூரு, இப்படித்தான் கூப்பிடுவோம். சொந்தப் பேரை யாரும் கேக்க மாட்டோம். அதுவே எனக்கு வினையாப் போச்சு."

இதைச் சொன்னதும் அவர் டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டார்.

முசிறிக்காரர்

1969-ம் ஆண்டு மலேசியாவில், அந்த நாட்டுக் குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் வாங்க வேண்டும் என்ற கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்தது. பெர்மிட் கிடைக்காத ஆயிரக்கணக்கான தோட்டத் தொழிலாளர்கள் மூட்டை முடிச்சுடன் இந்தியா திரும்பினார்கள். அங்கேயே பிறந்து, இந்தியாவைக் கண்ணால் பார்க்காதவர்களும் அதில் உண்டு.

1970-ம் ஆண்டு ஐப்பசி மாதம். பினாங்கில் ஒரு பெரியவர், மனைவி, 10 வயதுப் பேத்தி மூன்று பேரும் ரஜூலாவில் ஏறினார்கள். பேராக்கில் ரப்பர் பால் வெட்டியவர். சிறுவனாக மலாயா போனவர், கிழவராகத் திரும்புகிறார். சொந்த ஊர் முசிறிக்கு வடக்கே ஒரு கிராமம்.

பாய் தொடர்ந்து சொன்னார்:-

"என் தூணுக்குப் பக்கத்துல இடம் கொடுத்தேன். ஏறுறப்பவே அவர் பெட்டி பூட்டு உடைஞ்சு போச்சு. 'தம்பி, உங்க பெட்டியில இதை வைங்க'ன்னு ஒரு சுருக்குப் பையைக் கொடுத்தார். 140 வெள்ளி. சிவப்பு நோட்டு, பத்து பத்தா 14. அன்னைக்கு நம்ம காசுக்கு 300 ரூபாய்க்கு மேல. அம்பது வருஷ உழைப்புல மிச்சம் அவ்வளவுதான்.

நாலு ராத்திரி பேசினோம். 'நாகப்பட்டினத்துல இறங்கினா முசிறி எந்தப் பக்கம் தம்பி?'ன்னு கேட்டார். அவர் ஊருக்கு நான் வழி சொன்னேன்!"

நாகப்பட்டினத்தில் அப்போது கப்பல் கரைக்கு வராது. நடுக்கடலில் நங்கூரம் போடும். படகு வந்து ஆளை இறக்கிக் கொண்டு போகும். அன்று காற்று. விடியற்காலை திடீரென்று "படகு வந்தாச்சு, இறங்கு இறங்கு" என்று கூச்சல். பாய் சென்னைக்கு டிக்கெட் வாங்கியவர். கீழ்த்தளத்தில் சாமானைக் கட்டிக் கொண்டிருந்தார்.

"மேலே வந்து பார்த்தா அவங்க இடம் காலி. கம்பிகிட்ட ஓடினேன். படகு கொஞ்ச தூரம் போயிடுச்சு. பெரியவர் எழுந்து நின்னு ரெண்டு கையையும் ஆட்டினார். என்னமோ கத்தினார். காத்துல கேக்கலை. போய்ட்டு வர்றேன்னு சொல்றார்னு நெனச்சு நானும் சிரிச்சுக்கிட்டே கையை ஆட்டினேன் தம்பி."

சென்னையில் கஸ்டம்ஸ்காரர் பெட்டியைத் திறக்கச் சொன்னபோதுதான் சுருக்குப் பை கண்ணில் பட்டது.

தேடாத இடம் இல்லை

அன்று இரவே நாகப்பட்டினத்துக்கு ரெயில் ஏறினார். படகுக்காரர்களுக்கு ஞாபகம் இல்லை. முசிறிக்கு மூன்று தடவை போனார். டீக்கடை டீக்கடையாக விசாரித்தார். மலாயாவில் இருந்து திரும்பிய குடும்பம் ஊருக்கு நாலு இருந்தது. பெயர் கேட்டார்கள். இவருக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு கப்பலில் எந்த முசிறிக்காரரைப் பார்த்தாலும் விசாரிப்பார். ரஜூலா போய் "சிதம்பரம்" வந்தது. பிரெஞ்சுக்காரர்கள் 1966-ம் ஆண்டு கட்டி, நம் நாடு வாங்கிய கப்பல் அது. அதில் 1978-ம் ஆண்டு ஒரு துறையூர் அம்மாள், "அந்த மாதிரி ஒரு குடும்பம் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போச்சு" என்றார். பாய் திருப்பூருக்கும் போனார். வெறுங்கையோடு திரும்பினார்.

1985-ம் ஆண்டு பிப்ரவரியில் சிதம்பரம் கப்பல் வங்கக்கடலில் தீப்பிடித்தது. பலர் இறந்தார்கள். அந்தப் பயணத்தில் பாய் போகவில்லை. மகளின் நிக்காஹ் வேலையில் இருந்தார். அதோடு அந்தக் கப்பலின் ஓட்டமும் முடிந்தது. பாயின் கப்பல் பயணமும் முடிந்தது.

கடைக்குள் இருந்து ஒரு டின்னை எடுத்து வந்து காட்டினார். மஞ்சள் துணியில் தைத்த சுருக்குப் பை. நூல் இற்றுப் போயிருக்கிறது. கஷ்டகாலத்தில் கூட இதைத் தொடவில்லையா என்று கேட்டோம்.

"ஒரு தடவை தொட்டேன். 1981-ல வீட்டுல ஆபரேஷன். மூணு நோட்டு மாத்தினேன். அடுத்த பயணத்துல சிங்கப்பூர்ல ஒரு மலேசியாக்காரர்கிட்ட அதே மாதிரி மூணு வாங்கி வெச்சுட்டேன். கேட்டா இதையும் சொல்லணும்ல."

பெரியவரும் மனைவியும் இன்று இருக்க வழியில்லை. அந்தப் பேத்திக்கு இப்போது 60 வயதுக்கு மேல் ஆகியிருக்கும். இடது புருவத்தில் ஒரு தழும்பு இருந்ததாம். இதைப் படிக்கும் யாருக்காவது தகவல் தெரிந்தால் நம் அலுவலகத்துக்கு எழுதலாம்.

சுருக்குப் பைக்குள் பணத்தோடு இன்னொரு சாமானும் இருக்கிறது. அது என்ன என்று கேட்டதற்கு பாய் சொல்ல மறுத்துவிட்டார்.

"அதை உரியவங்க வந்து சொல்லட்டும் தம்பி. நீங்க பேப்பர்ல போட்டுடுவீங்க."